உரியும் குடமும் உருளும் துளியும்: பலபடிக் கலவைகள் எப்படி மாறுகின்றன, எப்படி நிலைக்கின்றன

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் குடிநீர் என்றதும் கண்முன் வருவது, குடங்களை உட்காரவைக்க வட்ட வட்டமாகக் கம்பி வளைத்த தள்ளுவண்டியும் அதில் அசைந்தபடி வரும் பிளாஸ்டிக் குடங்களும்தான். எங்கள் வீட்டில் அப்படி ஓடிய மலிவு விலைக் குடம் ஒன்று மூன்று மாதத்தில் அடிவளையத்தில் விரிந்தது. விரிந்ததில் வியப்பில்லை, ஆனால் உடைந்த ஓரத்தை நகத்தால் கிள்ளியபோது அது வெங்காயத் தோலைப்போல மெல்லிய படலங்களாக உரிந்து வந்தது. ஒரே பொருளால் வார்த்த குடம் அப்படி உரிவதில்லை. பல வகைக் கழிவுகளை ஒன்றாக உருக்கி வார்த்த குடத்தின் அடையாளம் அது. உருகியபோது ஒன்றாகத் தோன்றிய இரண்டு பொருட்கள் உள்ளுக்குள் ஒருபோதும் ஒன்றாகவில்லை என்பதைத்தான் அந்தப் படலங்கள் காட்டின.

பாடநூலில் பலபடி என்றும் ஆலையில் பாலிமர் என்றும் வழங்கும் இந்தப் பொருட்களின் கலவைகளைப் புரிந்துகொள்ள ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: அநேகமாக எந்தக் கலவையும் கலந்து முடிந்த நிலையில் நம் கைக்கு வருவதில்லை, பிரிந்துகொண்டிருக்கும்போது குளிரால் இடைமறித்து நிறுத்தப்பட்ட நிலையில்தான் வருகிறது. எந்தக் கட்டத்தில் நிறுத்தினோம், நிறுத்தியதை எது காவல் காக்கிறது என்ற இரண்டு கேள்விகளில் அதன் வலிமையும் ஆயுளும் அடங்கிவிடுகின்றன.

இந்தக் கரைக்கு இது வெறும் பாடநூல் செய்தியன்று. மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரை என்று எந்த ஊரின் மீன் இறங்குதளத்துக்குப் போனாலும் ஒதுக்கிப்போட்ட வலைக்குவியலைக் காணலாம். செவுள்வலையும் நரம்புபோல் மின்னும் தங்கூசி வலையும் நைலான். விசைப்படகின் இழுவலை பெரும்பாலும் உயரடர்த்திப் பாலிஎத்திலீன். கயிறுகளில் பாலிப்ரொப்பிலீன் அதிகம். இவை மூன்றும் ஒன்றோடொன்று முடிச்சிட்டு, உப்பும் மணலும் ஏறி, ஒரே மூட்டையாகத்தான் காயலான் கடைக்குப் போகின்றன. இதையெல்லாம் ஒன்றாக உருக்கிப் பயனுள்ள பொருளாக்க முடியாதா என்ற கேள்வி நல்ல எண்ணத்திலிருந்து எழுவதுதான். ஆனால் விடை உருக்கும் உலையில் இல்லை; நைலானும் பாலிஎத்திலீனும் தொட்டுக்கொள்ளும் எல்லைப் பரப்பில் இருக்கிறது.

சர்க்கரை தண்ணீரில் கரைவதையும் சாராயம் தண்ணீரோடு கலப்பதையும் பார்த்துப் பழகிய நமக்கு, நன்றாகக் கிளறினால் எதுவும் கலக்கும் என்ற எண்ணம் உண்டு. சிறு மூலக்கூறுகள் கலப்பதற்கு முக்கியக் காரணம், கலந்தபின் அவை அமைந்துகொள்ளக்கூடிய வழிகள் பன்மடங்கு பெருகுவதுதான். வெப்ப இயக்கவியல் இதை என்ட்ரோபி என்று சொல்லும். பலபடியில் ஆயிரக்கணக்கான அலகுகள் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு அலகும் தன் விருப்பத்துக்கு இடம் மாற முடியாது. அதனால் கலப்பதால் கிடைக்கும் ஆதாயம் அற்பமாகச் சுருங்கிவிடுகிறது. 1940-களின் தொடக்கத்தில் ஃப்ளோரி, ஹக்கின்ஸ் என்ற இரண்டு வேதியியலாளர்கள் தனித்தனியே இதைக் கணக்கிட்டார்கள். இரண்டு பொருட்களுக்கு இடையிலான ஒவ்வாமையை அளக்கும் எண் ஒன்றை அவர்கள் கொடுத்தார்கள். சிறு மூலக்கூறுகளில் அந்த எண் 2 வரை இருந்தாலும் சம அளவுக் கலவை பிரியாது. ஆயிரம் அலகு கொண்ட சங்கிலிகளில் அது 0.002-ஐத் தாண்டினாலே பிரிந்துவிடும். பாலிஎத்திலீனும் பாலிப்ரொப்பிலீனும் ஒரே குடும்பத்து ஹைட்ரோகார்பன்களாக இருந்தும் ஒன்றோடொன்று ஒட்டாததற்கு இதுவே விளக்கம். அவற்றுக்கிடையே உள்ளது பெரும் பகையன்று. சிறு மனத்தாங்கலே இத்தனை நீளச் சங்கிலிகளில் பிரிவினைக்குப் போதுமானதாகிவிடுகிறது.

இந்தப் பிரிவை முதன்முதலில் கண்டு எழுதியவர்களுள் ஒருவர் பெய்ஜரிங்க் என்ற டச்சு நுண்ணுயிரியலாளர். 1896-இல் அவர் கையிலெடுத்தது ஆலைப் பிளாஸ்டிக்கையன்று, ஜெலட்டினையும் அகரையும். இரண்டும் நீரில் கரைபவை. ஆனால் இரு கரைசல்களையும் சேர்த்தால் ஒன்றுக்குள் மற்றொன்று துளித்துளியாக நின்றது. அகர் எங்கிருந்து வருகிறது என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிப் பெண்கள் மூழ்கியெடுக்கும் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்ற கடற்பாசிகள் அதன் மூலப்பொருட்கள். அகருக்கு இன்னொரு குணமும் உண்டு. அது பின்னால் நமக்குப் பயன்படும். உருக வேண்டுமானால் அதற்கு 85 டிகிரி செல்சியஸ் அளவு சூடு தேவை, ஆனால் ஆறும்போது 40 டிகிரியை ஒட்டி வந்த பிறகே உறையும். உறைந்த அகருக்குள் அகப்பட்ட துளி பிறகு எங்கும் போக முடியாது.

உண்மையாகவே கலக்கும் சோடிகளும் இல்லாமல் இல்லை. பாலிஸ்டைரீனும் பாலிஃபினைலீன் ஆக்சைடும் மூலக்கூறு அளவில் கலக்கும். 1960-களிலிருந்து நோரில் என்ற பெயரில் விற்பனையில் இருப்பது அந்தக் கலவை. பாலிஸ்டைரீனும் பாலிவினைல் மெத்தில் ஈதரும் வேறு விதம்: குளிர்ந்திருக்கும்போது கலந்திருந்து, சூடேற்றினால் பிரியும். சூடு எதையும் கலக்கும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தச் சோடி ஒன்றே போதும். இவை விதிவிலக்குகள் என்பதால், இனிமேல் கலக்காத சோடிகளைப் பற்றியே பேசுவோம்.

கலக்காத இரண்டைத் திருகு அச்சுள்ள உருக்கும் பொறிக்குள் செலுத்தினால் என்ன நடக்கிறது என்பதை, பொறியை இடையில் நிறுத்திக் குளிர்வித்து வெட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் படிப்படியாக விவரித்திருக்கிறார்கள். இளகத் தொடங்கிய குருணை, அதாவது சிறு மணிகளாக நறுக்கிய பிளாஸ்டிக், பொறியின் சுவரோடு தேய்ந்து மெல்லிய தகடாக விரிகிறது. தகட்டில் ஓட்டைகள் விழுகின்றன. ஓட்டைகள் பெருகிப் பெருகித் தகடு ஒரு வலையாகிறது. வலைக்கண்கள் அறுந்து இழைகளாகின்றன. இழைகள் துண்டாகித் துளிகளாகின்றன. நான் மிகைப்படுத்தவில்லை, நுண்நோக்கிப் படங்களில் அந்த இடைநிலை அசல் வலைபோலவே தெரியும். மில்லிமீட்டர் அளவுக் குருணை, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் அளவுக்குச் சிறுப்பதில் பெரும்பங்கு, உருகத் தொடங்கிய சிறிது நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்குப்பின் பொறிக்குள் கழியும் நேரத்தில் நடப்பது உடைவதற்கும் ஒட்டுவதற்கும் இடையிலான இழுபறிதான்.

அந்த இழுபறியின் ஒரு பக்கத்தை 1930-களில் ஜி. ஐ. டெய்லர் என்ற ஆங்கில இயற்பியலாளர் வகுத்தார். ஓட்டம் துளியை இழுத்து நீட்டப் பார்க்கிறது; இடைமுக இழுவிசை, அதாவது இரு பொருட்களின் எல்லைப் பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளும் விசை, அதை உருண்டையாகவே வைத்திருக்கப் பார்க்கிறது. துளி சிறியதாகச் சிறியதாக உருண்டையாக்கும் விசை வலுக்கிறது, ஆகையால் ஓர் அளவுக்குக் கீழே ஓட்டத்தால் அதை உடைக்க முடியாது. ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உருகிய பிளாஸ்டிக்கின் பாகுத்தன்மை, அதாவது ஓட்டத்துக்கு அது காட்டும் தடை, தண்ணீரைப்போல் பத்து லட்சம் மடங்கு என்றும், உருகின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும் சறுக்கு வேகம் நொடிக்கு 100 என்றும், நைலானுக்கும் பாலிஎத்திலீனுக்கும் இடையிலான இழுவிசை மீட்டருக்கு 10 மில்லி நியூட்டன் என்றும் கொண்டால், துளியின் ஆரம் 0.1 மைக்ரான் அளவுக்கு இறங்க வேண்டும். ஆலையில் எதுவும் சேர்க்காமல் உருக்கிய கலவையை வெட்டிப் பார்த்தால், துளிகள் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பெரியவையாக இருக்கும். வேறுபாட்டுக்குப் பெரும் காரணம் கணக்கில் வராத மறுபக்கம்: உடைந்த துளிகள் ஓட்டத்தில் ஒன்றையொன்று மோதி, நடுவிலுள்ள மெல்லிய படலம் வடிந்து, மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. சிறு துளிகள் எத்தனை அதிகமோ அத்தனை மோதல்கள். கலக்கும் நேரத்தை இரட்டிப்பாக்கினாலும் துளிகள் நுண்மையாவதில்லை என்று ஆலைக்காரர்கள் அலுத்துக்கொள்வதன் காரணமும் இதுவே.

பாகுத்தன்மைகளின் விகிதமும் இதில் உண்டு. துளியின் பாகுத்தன்மை சூழ்ந்திருப்பதைவிட ஏறத்தாழ 4 மடங்குக்கு மேல் போய்விட்டால், வெறும் சறுக்கு ஓட்டத்தால் அதை உடைக்கவே முடியாது. உள்ளங்கையில் உருட்டும் சீடைமாவைப்போலத் துளி தன்னிடத்தில் உருண்டுகொண்டிருக்கும். இழுத்து நீட்டும் ஓட்டம் அதையும் உடைக்கும். பழைய வலையைப் புதுக் குருணையோடு கலப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் வெயிலில் கிடந்து சங்கிலி அறுந்த பழைய பொருளின் பாகுத்தன்மை புதியதைவிடக் குறைவாக இருக்கும், அந்த விகிதம் மூட்டைக்கு மூட்டை மாறும்.

எது துளியாக நிற்கும், எது சூழ்ந்து நிற்கும் என்பது அளவையும் பாகுத்தன்மையையும் பொறுத்தது. அளவில் அதிகமுள்ளதும், எளிதில் ஓடக்கூடியதும் சூழ்ந்துகொள்ளும். நைலான் வலையையும் பாலிஎத்திலீன் இழுவலையையும் சேர்த்து உருக்கும்போது ஒரு விந்தை நடக்கிறது. பாலிஎத்திலீன் 130 டிகிரியிலேயே உருகிவிடுகிறது; நைலான்-6 உருக 220 டிகிரி வேண்டும். ஆகவே முதலில் பாலிஎத்திலீன், அளவில் குறைவாக இருந்தாலும், திடமாகக் கிடக்கும் நைலான் துண்டுகளைச் சூழ்ந்துகொள்கிறது. நைலான் உருகியபின், அது அதிகமாக இருந்தால், உட்புறம் வெளிப்புறமாகத் தலைகீழாகப் புரள வேண்டும். பொறி போதுமான நேரமும் சூடும் தராவிட்டால் புரளல் பாதியில் நின்று, ஒரு பொருளுக்குள் இரண்டு விதமான உள்ளமைப்பு தங்கிவிடும். அதே மூட்டையிலிருந்து வார்த்த இரண்டு பொருட்களில் ஒன்று தாங்க, ஒன்று முறிவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

பொறியை விட்டு வெளியே வந்த உருகு வார்ப்பச்சுக்குள் போய் ஆறும் அந்தச் சில நொடிகள்தான் எனக்கு மிகவும் சுவையான பகுதி. கிளறல் நின்றுவிட்டது, ஆனால் பொருள் இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது. உடைக்கும் விசை போய்விட, ஒட்டும் விசை மட்டும் எஞ்சுகிறது. நீண்டு கிடக்கும் இழைகள் குழாயிலிருந்து ஒழுகும் தண்ணீர்த் தாரையைப்போல நெளிந்து துளிகளாக அறுபடத் தொடங்குகின்றன. மேலே எடுத்த அதே எண்களைக்கொண்டு பார்த்தால், ஒரு மைக்ரான் தடிமன் இழைக்கு இந்த மாற்றத்தின் கால அளவு பத்தில் ஒரு நொடியை ஒட்டியது. இழை முழுதாக அறுபட அதைப்போலப் பல மடங்கு, அதாவது சில நொடிகள் ஆகும். பத்து மைக்ரான் இழைக்கு அதில் பத்து மடங்கு. மெல்லிய சுவர் அதற்குள் உறைந்துவிடுகிறது. தடித்த இடம் உறைவதில்லை. குடத்தின் அடிவளையம் சுவரைவிடத் தடிமனானது, ஆற நேரம் எடுப்பது, அதனால் உள்ளே துளிகள் பருத்துவிட வாய்ப்புள்ள இடம் அதுவே. தரையில் மோதுவதும் அதே இடம். அச்சுச் சுவரை ஒட்டி வேகமாக உறைந்த மேல்தோலில் துளிகள் உருண்டையாகத் திரும்ப நேரமின்றித் தட்டையான ஏடுகளாகப் படிந்து கிடக்கும். நான் உரித்த வெங்காயத்தோல் அந்த ஏடுகள்தாம்.

கயிறு திரிப்பவர்கள் இதே ஓட்டத்தைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டவர்கள். பாலிப்ரொப்பிலீனும் பாலிஎத்திலீனும் சேர்ந்த கயிற்று நாரை வேகமாக இழுத்து நீட்டும்போது துளிகள் நாரின் திசையில் நூலாக நீண்டு, அறுபடுமுன் உறைந்துவிடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையிலான இழுவிசை மீட்டருக்கு 1 மில்லி நியூட்டனை ஒட்டி, நைலான் சோடியில் பத்தில் ஒரு பங்காக இருப்பதால், அறுபடும் வேகமும் அதற்கேற்பக் குறைவு. நீளவாக்கில் இழுப்பைத் தாங்கும் அந்தக் கயிற்றைக் குறுக்கே பிதுக்கினால் எளிதில் பிளந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திரவமாக இருக்கும்வரை துளிகள் சும்மாயிருப்பதில்லை. மோதாமலேயே வளர்வதற்கும் வழி உண்டு: சிறு துளியிலிருந்து மூலக்கூறுகள் நழுவிப் பெரிய துளியில் சேர்கின்றன, பெரியது இன்னும் பெரிதாகிறது. சராசரி அளவு காலத்தின் கனமூலத்தைப் பின்பற்றி வளரும் என்று 1961-இல் லிஃப்ஷிட்ஸ், ஸ்லியோசோவ் என்ற இயற்பியலாளர்கள் காட்டினர்; எட்டு மடங்கு நேரம் விட்டால் இரு மடங்கு பருமன். இரண்டும் தொடர்ச்சியாக ஒன்றுக்குள் ஒன்று பின்னிய கடற்பஞ்சு அமைப்பில் வளர்ச்சி இதைவிடக் கடுகதி, ஏனெனில் வளைந்த பரப்பின் அழுத்தமே உருகை ஓடவைக்கிறது. ஆறிய பொருள் பல ஆண்டு மாறாமல் இருப்பதைப் பார்த்து அது நிலையானது என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதையே அரைத்து மறுபடி உருக்கினால், நின்ற இடத்திலிருந்து பிரிவு தொடரும்.

இனி, காவல். பழைய வழி இரண்டு பொருட்களோடும் உறவுள்ள மூன்றாவது ஒன்றைச் சேர்ப்பது. அதை இணக்கி என்று சொல்லலாம். ஒரு பாதி இந்தப் பக்கமும் மறு பாதி அந்தப் பக்கமும் கலக்கும் இரட்டைச் சங்கிலி எல்லையில் போய் உட்கார்ந்து, இடைமுக இழுவிசையைக் குறைக்கிறது என்பது பொதுவான விளக்கம். உண்மைதான், ஆனால் அதன் பெரிய வேலை வேறு என்பதே என் கணிப்பு. அது துளியின்மேல் முடிபோல் நின்று, இன்னொரு துளி நெருங்கும்போது நடுவிலுள்ள படலம் வடியாதபடி தடுக்கிறது. உடைப்பதற்கு உதவுவதைவிட ஒட்டாமல் காப்பதில்தான் அதன் பயன் மிகுதி. ஆறும் நொடிகளிலும் மறுஉருக்கலிலும் அமைப்பைக் காப்பாற்றுவதும் அதுவே.

நைலானுக்கும் பாலிஎத்திலீனுக்கும் இந்த இணக்கியைப் பொறிக்குள்ளேயே பிறக்கவைக்க முடிகிறது. பாலிஎத்திலீன் சங்கிலியில் எளிதில் வினைபுரியும் மலியிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளைச் சிறிதளவு ஒட்டவைத்துச் சேர்த்தால், உருகிய நிலையில் அது நைலான் சங்கிலியின் முனையிலுள்ள அமீன் என்ற தொகுதியோடு வினைபுரிந்து, இரண்டும் பிணைந்த சங்கிலி எல்லையிலேயே உண்டாகிறது. துளி ஒரு மைக்ரானுக்குக் கீழே இறங்குவதும், இறங்கியது அப்படியே நிற்பதும் இதனால்தான். நுண்மை ஏன் வேண்டும் என்பதற்கு 1980-களில் டூபான்ட் நிறுவனத்தின் சூஹெங் வூ ஒரு தெளிவான விடை தந்தார்: ரப்பர் துளிகள் கலந்த நைலான் 6,6-இல் பக்கத்துப் பக்கத்துத் துளிகளுக்கு இடைப்பட்ட தூரம் சுமார் 0.3 மைக்ரானுக்குக் கீழே போனால் பொருள் கண்ணாடிபோல் முறியாமல் இழுபட்டுத் தாங்குகிறது.

பாலிஎத்திலீனுக்கும் பாலிப்ரொப்பிலீனுக்கும் அப்படி வினைபுரியும் முனைகள் கிடையாது, ஆகவே நெடுங்காலம் அந்தச் சோடி தீராத தலைவலியாக இருந்தது. 2017-இல் கார்னெல், மின்னசோட்டா பல்கலைக்கழக வேதியியலாளர்கள் இரண்டையும் மாற்றி மாற்றி நான்கு துண்டுகளாகக் கோத்த சங்கிலியை உருவாக்கி, எடையில் 1 சதவீதம் சேர்த்தாலே மொறுமொறுத்த கலவை இழுபடக்கூடியதாகிறது என்று காட்டினார்கள். ஆறும்போது இரண்டு பக்கத்திலும் அந்தந்தத் துண்டு அந்தந்தப் படிகத்துக்குள் போய் உறைவதால் எல்லை தைத்ததுபோல் ஆகிவிடுகிறது.

இன்னொரு காவல், துளியையே இறுக வைப்பது. ரப்பரைப் பாலிப்ரொப்பிலீனோடு கிளறிக்கொண்டே வல்கனைஸ் செய்தால், துளிகள் உடைந்த அளவிலேயே குறுக்குப் பிணைப்பால் கெட்டிப்பட்டு, பிறகு எத்தனை முறை உருக்கினாலும் ஒட்டுவதில்லை. உறைந்த அகருக்குள் துளி நகர முடியாததும் இதுவும் ஒரே தத்துவம். அங்கே சூழ்ந்திருப்பது பூட்டுகிறது, இங்கே துளி தன்னைப் பூட்டிக்கொள்கிறது.

இத்தனை பாடுபடுவதற்கு முன்னால் பிரித்தெடுக்கவே முடியாதா என்று கேட்கலாம். இந்தக் கரைக்கு அதில் ஓர் இயற்கை வசதி உண்டு. நன்னீரின் அடர்த்தியை 1 என்று கொண்டால் கடல்நீர் 1.025 அளவு, பாலிப்ரொப்பிலீன் 0.90, பாலிஎத்திலீன் 0.95 என்பதால் இரண்டும் மிதக்கும், நைலான் 1.14 என்பதால் மூழ்கும். வாலிநோக்கம் உப்பளங்களில் உப்புப் பூக்கும் பருவத்துக் கெட்டிநீரின் அடர்த்தி 1.2-ஐத் தொடும், அதில் நைலானும் மிதக்கும், 1.38 உள்ள தண்ணீர்ப் பாட்டில் பிளாஸ்டிக் மூழ்கும். நறுக்கிக் கழுவிய கழிவுக்கு இரண்டு தொட்டி போதும். ஆனால் பாலிப்ரொப்பிலீனையும் பாலிஎத்திலீனையும் மிதப்பு பிரித்துத்தராது, முடிச்சுக்குள் இறுகிய நாரையும் எந்தத் தொட்டியும் அவிழ்த்துத்தராது. எஞ்சும் அந்தப் பங்குக்குத்தான் இணக்கி தேவைப்படுகிறது.

வார்த்த பிறகும் கடல் ஒரு சோதனை வைக்கிறது. நைலான்-6 தண்ணீரில் ஊறினால் தன் எடையில் 9 சதவீதம் வரை நீரை உறிஞ்சி உப்புகிறது, பாலிஎத்திலீன் உறிஞ்சுவதில்லை. பகலில் காய்ந்து இரவில் நனையும் மிதவையிலோ படகு விளிம்பிலோ ஒன்று உப்பிச் சுருங்க, மற்றது அசையாதிருக்க, இடையிலுள்ள எல்லை ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் பாலிப்ரொப்பிலீன் சங்கிலியை அறுக்கிறது. பலவீனமான எல்லைகள் முதலில் வாய்திறக்க, அதன் வழியே காற்றும் நீரும் உள்ளே போகின்றன. கரிப்பொடியும் நிலைப்படுத்திகளும் சங்கிலியைக் காக்கும், எல்லையைக் காக்காது.

ஆகவே கலவைக் குருணையை வாங்கும் எவரும் புதிதாக வார்த்த துண்டின் இழுவலிமையை மட்டும் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்வது சரியன்று. அதே குருணையை இன்னொரு முறை உருக்கித் தடித்த வார்ப்பாக மெதுவாக ஆறவிட்டு, ஒரு மாதம் கடல்நீரில் நனைத்தும் வெயிலில் காயவைத்தும் எடுத்த பிறகு, துண்டை முறித்துப் பார்க்க வேண்டும். முறிந்த முகத்தை மின்னணு நுண்நோக்கியில் பார்த்தால், துளிகள் கழன்று போன வழவழப்பான குழிகள் தெரிகின்றனவா, துளியும் சேர்ந்து கிழிந்த பிசிர்கள் தெரிகின்றனவா என்பது தெரிந்துவிடும். நுண்நோக்கி இல்லாதவர்கள் ஓரத்தை மடித்து நகத்தால் கிள்ளிப் பார்க்கலாம். குடத்துக்கு நான் செய்தது அதைத்தான், செய்தது மட்டும் மூன்று மாதம் பிந்தி.